கடலோர வீட்டுக்காக ஆரணியில் விசாரித்த கதை

கடலோரத்தில் வீடு வாடகைக்கு எடுக்க ஆரணிக்குப் போகிறேன் என்று ஈப்போவில் என் அலுவலகத்தில் சொன்னபோது எல்லோரும் நல்லபடியாகப் போய் வரச் சொன்னார்கள். ஆரணி எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. அதையே சென்னையில் சொன்னபோது ஓட்டல்காரர் கையிலிருந்த சாவியை வைத்துவிட்டு என்னை ஒரு முறை நன்றாகப் பார்த்தார். "ஆரணியில பட்டுப் புடவை கிடைக்கும் சார். கடல் கிடைக்காது" என்றார்.

எனக்கும் தெரியும். வீடு மாமல்லபுரத்துப் பக்கம் ஓர் அடுக்குமாடியில், எங்கள் ஊரில் கொண்டோ என்போம். அதை வாடகைக்கு விடும் கம்பெனிதான் ஆரணியில் இருந்தது. வெண்சங்கு ஹாலிடே ஹோம்ஸ் என்று பெயர், உரிமையாளர் தினகரன். படத்தில் பால்கனி, பால்கனிக்கு வெளியே நீலக் கடல், மேசைமேல் இரண்டு இளநீர். கீழே முகவரி, நெசவாளர் தெரு ஒன்றின் பெயர். கோலாலம்பூரில் இருக்கும் என் அக்கா அந்த முகவரியைப் பார்த்த நிமிடமே போன் போட்டுவிட்டாள்.

"கடலோரக் கொண்டோவை வாடகைக்கு விடறவன் தறிக்குப் பக்கத்துல உக்காந்து என்னடா பண்றான்? ஏமாத்துறான்லா."

அக்காவைக் குறை சொல்ல முடியாது. போன வருடம் அவள் இப்படித்தான் இணையத்தில் ஒரு கடற்கரை வீட்டுக்குப் பணம் கட்டி, அம்மாவையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு போய் இறங்கினால், அந்த முகவரியில் மூடிக் கிடந்த டுரியான் பழக் கடை இருந்தது. இருட்டும்வரை அம்மா பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். அம்மாவுக்குக் கண் மங்கிப் போய் வெகுநாளாகிறது. வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. "வீடு வந்துடுச்சா, ஏன் இப்படி நாறுது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம். அதை அக்காவால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

அம்மா எங்களிடம் எதையும் கேட்டதில்லை. இப்போது ஒன்றே ஒன்று கேட்கிறாள். கல்யாணமாகி மலாயாவுக்குக் கப்பல் ஏறியதற்கு முந்தின ராத்திரி அவள் படுத்திருந்தது இந்தக் கரைப்பக்கம். மறுபடி ஒருமுறை, பிள்ளைகளோடு ஒரே வீட்டில் தங்கி, படுத்துக்கொண்டே அந்தக் கடலைக் கேட்க வேண்டும். ஓட்டல் வேண்டாம், அடுப்பு உள்ள வீடாக இருக்க வேண்டும். அக்கா வராவிட்டால் அம்மா வர மாட்டாள். நான் கண்ணால் பார்த்து, நம்பலாம் என்று சொல்லாவிட்டால் அக்கா வர மாட்டாள். அக்காவின் விடுப்பு விண்ணப்பம் அந்த ஞாயிற்றுக்கிழமை வரைதான் காத்திருக்கும். லிப்ட் உதிரிபாகம் விற்கிற வேலையாக நான் சென்னைக்கு வந்திருந்ததால் இந்த விசாரணை என் தலையில் விழுந்தது.

முதல் நாள் ஆரம்பமே கோளாறு. ரயிலில் வந்து 'ஆரணி ரோடு' என்ற பலகையைப் பார்த்ததும் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். வெளியே நெல் மூட்டை ஏற்றிய லாரிகளும் அரிசி ஆலைகளும்தான் இருந்தன. காற்றில் உமி பறந்தது. ஒரு தறிச் சத்தம்கூட இல்லை. ஷேர் ஆட்டோக்காரர் ஒருவரிடம் இது ஆரணிதானே என்றேன்.

"இது களம்பூர் சார். ஆரணிக்குப் போற ரோடு இருக்கறதால ஆரணி ரோடு. ஆரணி இன்னும் அந்தாண்ட கீது."

எங்கள் ஊரில் ஒரு ரயில் நிலையத்துக்கு அந்த ஊரின் பெயரைத்தான் வைப்போம் என்றேன். "அப்ப எங்களுக்கு சவாரி எப்படி சார் வரும்?" என்றார். ஏறி உட்கார்ந்தேன். எனக்கும் வண்டியின் கம்பிக்கும் நடுவில் ஓர் அரிசி மூட்டை உட்கார்ந்தது.

"புடவை எடுக்கவா சார்?"

இல்லை, ஒருவரைப் பற்றி விசாரிக்க வேண்டும் என்றேன். நான் வாடிக்கையாளன் என்று காட்டிக்கொள்ளக் கூடாது என்பது அக்காவின் உத்தரவு. தெரிந்தால் ஊரே சேர்ந்து நடிக்கும் என்பது அவள் எண்ணம். அதனால் குரலைத் தாழ்த்தி, "தினகரன்னு ஒருத்தர். கடலோரத்துல வீடு வச்சிருக்காராம். ஆள் எப்படி?" என்றேன்.

ஆட்டோக்காரர் வண்டியை ஓரம் கட்டிவிட்டார். அரிசி மூட்டைக்குச் சொந்தக்காரரும் திரும்பிப் பார்த்தார்.

"நம்ம ஜெகதாம்மா பையனா? தங்கமான பையன் சார். நீங்க எந்த ஊரு?"

மலேசியா என்றேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆட்டோக்காரர் அதற்குப் பிறகு மேடு பள்ளம் பார்த்து மெதுவாக ஓட்டினார். இறங்கும்போது என் பையை அவரே தூக்கி வந்து லாட்ஜ் வாசலில் வைத்தார். இந்த ஊர்க்காரர்களின் விருந்தோம்பல் என்னை மகிழ்வித்தது. இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். நான் கல்யாணம் செய்துகொள்ளாதவன். எனக்காக யாரும் யாரைப் பற்றியும் விசாரித்ததில்லை, என்னைப் பற்றியும் யாரும் விசாரித்ததில்லை. அந்தத் துறையில் எனக்கு அனுபவம் பூஜ்யம்.

மதியம் பிரியாணி சாப்பிட்டேன். சின்ன அரிசி, கூடவே கத்திரிக்காய்த் தொக்கு. ஈப்போவில் பிரியாணி என்ற பெயரில் நாங்கள் சாப்பிடுவது வேறு ஏதோ. இரண்டாவது தட்டுக்கு நான் வெட்கப்படவில்லை. பிறகு அந்தத் தெருவைத் தேடிப் போனால் ஆட்டோ தெருமுனையோடு நின்றுவிட்டது. தெரு நீளத்துக்கு, தறியில் ஏற்றப்போகும் பட்டுப் பாவு நூலை இழுத்துக் கட்டி, ஆண்களும் பெண்களுமாக இழை இழையாகச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். அது முடியும்வரை அந்தத் தெருவில் வண்டி போகாதாம். யாரும் ஹாரன் அடிக்கவில்லை, யாரும் கோபப்படவில்லை. எங்கள் ஊரில் இப்படித் தெருவை மறித்தால் நகராண்மைக் கழகம் வந்துவிடும்.

ஓரமாக நடந்துகொண்டிருந்த என்னிடம் முனுசாமி என்ற நெசவாளர் இழைகளைப் பிரித்துப் பிடிக்கும் ஒரு குச்சியின் முனையை நீட்டினார். "சும்மா நிக்கறதுக்கு இதைக் கொஞ்சம் புடிங்க சார். வேர்வை மட்டும் மேல சொட்ட வாணாம்." பிடித்தேன். பிடித்தபிறகு அசைய முடியாது என்று தெரிந்தது. மூக்கின் நுனியில் ஒரு வேர்வைத் துளி நிற்க, நான் என் விசாரணையைத் தொடர்ந்தேன்.

"தினகரனை நம்பலாமா?"

"கண்ணை மூடிகினு நம்பலாம்."

"நாளைக்கு ஏதாவது பிரச்சினைன்னா கூட நிப்பாரா, இல்ல போனை எடுக்காம இருந்துடுவாரா?"

"சேச்சே. கைவுடற குடும்பம் இல்ல சார் அது."

"இதுக்கு முன்னாடி யாராவது வந்து பார்த்திருக்காங்களா?"

முனுசாமி கொஞ்சம் தயங்கினார். "ரெண்டு பேரு வந்தாங்க. ஒண்ணு வேலூர்ல இருந்து. ஒண்ணு களம்பூர்லயே. தட்டிப் போச்சி."

"ஏன்?"

"ஒருத்தருக்கு வூடு சின்னதுன்னு தோணிச்சி. இன்னொருத்தரு, பாத்ரூம் வெளிய இருக்குன்னு வாணாம்ட்டாரு."

எனக்குத் திக்கென்றது. கொண்டோவில் பாத்ரூம் வெளியே இருக்குமா? கண் தெரியாத அம்மா ராத்திரியில் என்ன செய்வாள்? "இப்பவும் வெளியதானா?" என்றேன். "போன மாசம்தான் உள்ள கட்னாங்க சார். டைல்ஸ் போட்டு" என்றார். நிம்மதியாக மூச்சு விட்டேன். துளி சொட்டிவிட்டது. நல்லவேளை, என் சட்டைமேல்.

முனுசாமிக்குப் பக்கத்து வீட்டில் எஸ்தர் டீச்சர் இருந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை. சர்ச் பள்ளியில் தினகரனுக்குப் பாடம் எடுத்தவர். மற்றவர்கள் போலப் பாராட்டு மழை பொழியவில்லை. "கணக்குல சுமார்தான்" என்று தொடங்கினார். "சோம்பேறி இல்ல. தறியில உட்கார்ந்தா முதுகு வலிக்குதுன்னு இந்தத் தொழிலுக்குப் போயிட்டான். என்ன தொழில்னு எங்க தெருவுல யாருக்கும் விளங்கல, அதான் பேஜார். ஆனா பொய் சொல்ல வராதுங்க. சொன்னா காது செவந்துடும். பரீட்சை ஹால்ல நான் காதைப் பார்த்தே பிடிச்சிருக்கேன்."

அன்றைய விசாரணையில் உருப்படியான தகவல் அதுதான் என்று எனக்குத் தோன்றியது. அக்காவுக்கும் சொன்னேன். "காதைப் பார்த்து நான் பணம் கட்டணுமாடா?" என்றாள்.

மாலை லாட்ஜுக்குத் திரும்பியபோது மேனேஜர் எழுந்து நின்றார். "தினகரன் வூட்டுக்குத் தெரிஞ்சிப்போச்சி சார். நாளைக்குப் பத்தரைக்கு மேல ராகுகாலம் இல்ல, அப்ப வரச் சொன்னாங்க. சாப்பாடு அங்கதான்." வாடிக்கையாளருக்கு ராகுகாலம் பார்க்கும் கம்பெனியை நான் அதுவரை கண்டதில்லை. எங்கள் லிப்ட் கம்பெனியில் இப்படி ஒரு பழக்கம் இருந்தால் பாதிப் புகார்கள் குறைந்துவிடும் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் போனேன். கீழே தறிகள், மாடியில் வெண்சங்கு ஹாலிடே ஹோம்ஸ். பலகையைக் கழுவித் துடைத்து, மூலையில் மஞ்சள் குங்குமம் வைத்திருந்தார்கள். படியேறினால் கூடத்தில் பெண்கள் பட்டுப் புடவையில் உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் சுவரோரம் நின்றார்கள். தட்டில் கேசரி, வாழைக்காய் பஜ்ஜி, பூந்தி. நடுவில் ஒரே ஒரு நாற்காலி, எனக்காக. கம்பெனிக்கு இவ்வளவு ஊழியர்கள் இருப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எல்லோரும் ஒரே ஜாடையாக இருந்தது மட்டும் உறுத்தியது.

தினகரன் பட்டு வேட்டியில் வந்து கும்பிட்டார். முப்பத்தைந்துக்குள் இருக்கும். அவர் அம்மா ஜெகதாம்மா என் எதிரே வந்து உட்கார்ந்தார். ஒல்லியான, நேராகப் பார்த்துப் பேசுகிற பெண்மணி.

"வூட்டை நல்லாப் பாத்துக்குங்க. பாத்ரூம் இந்தப் பக்கம்" என்று கதவைத் திறந்து காட்டச் சொன்னார். காட்டினார்கள். நல்ல டைல்ஸ். ஆனால் இந்த பாத்ரூமை நான் ஏன் பார்க்க வேண்டும் என்று புரியவில்லை. மாமல்லபுரத்து வீட்டில் பால்கனியிலிருந்து கடல் தெரியுமா என்று தினகரனிடம் நேரடியாகக் கேட்டேன்.

"தெரியும் சார்" என்றார். காது இரண்டும் சிவந்துவிட்டன. எஸ்தர் டீச்சர் வாழ்க.

ஜெகதாம்மா மகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி மகனைப் பேசாதே என்று நிறுத்தினார்.

"சார், எங்க வழக்கம் ஒண்ணு இருக்குதுங்க. புடவை காட்டும்போது எங்கயாவது இழை அறுந்து முடிச்சி வுழுந்திருந்தா, அதை மடிப்புக்குள்ள மறைச்சி வைக்க மாட்டோம். மேல வச்சி, மொதல்ல அதைக் காட்டிட்டுதான் ஜரிகையைக் காட்டுவோம். இது அதைவுடப் பெரிய விசயம். பின்னால தெரிஞ்சி ஒரு பொண்ணு கண்ணு கலங்கக் கூடாது. அதனால குறையெல்லாம் நானே சொல்லிடறேன்."

சொல்லத் தொடங்கினார். மகன் குறட்டை விடுவார். கத்திரிக்காய் தின்ன மாட்டார். கோபம் வந்தால் சாப்பிடாமல் படுத்துக்கொள்வார். ஒரு பல் கட்டியது. நான் பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு, நிறுவனரின் பல் எனக்கு எதற்கு என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"அப்புறம் அந்தக் கடலோர ப்ளாட்டு. அதுல கடல் தெரியாதுங்க. முன்னாடி ஒருத்தன் பெரிய கட்டடம் கட்டிட்டான். அந்தப் போட்டோ மொட்டை மாடியில எடுத்தது, இளநியை இவன்தான் தூக்கிகினு போய் மேல வச்சான். வாணாம்டான்னு சொன்னேன். ராத்திரியானா வேற ஒரே அலை சத்தம். ஜன்னலை மூடினாலும் காதுக்குள்ளயே கேக்குது. ஒருநாள் தங்கிட்டு எனக்குக் கண்ணே மூடல, விடிஞ்சதும் பஸ் ஏறி வந்துட்டேன். அங்க குடித்தனம் வைக்கறதுன்னா பொண்ணு ரொம்ப சிரமப்படும்."

அதன் கடைசி வாக்கியத்தில்தான் நான் முழித்துக்கொண்டேன். பட்டு வேட்டி, ராகுகாலம், கேசரி, பல். நேற்று முழுக்க நான் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் மனதுக்குள் வரிசையாக வந்து என்னை அவமானப்படுத்தியது. ஊருக்குப் புதிதாக ஒருவன் வந்து, எதற்கென்று சொல்லாமல், கல்யாணமாகாத ஒருவனைப் பற்றித் தெருத்தெருவாகக் கேட்டால் இந்த ஊரில் அதற்கு ஒரே பொருள்தான். உண்மையில் எந்த ஊரிலும் அதுதான்.

"பொண்ணுக்கு நீங்க என்ன முறை ஆவணும்?" என்றார் ஜெகதாம்மா.

"அம்மா, நான் வீடு வாடகைக்கு எடுக்க வந்தேன்" என்றேன். "பத்து நாளைக்கு."

கீழே தறி மட்டும் ஓடியது. ஒரு பெண்மணி மெதுவாக எழுந்து தலையிலிருந்த பூவைச் சரிசெய்துகொண்டு அடுக்களைக்குள் போனார். ஜெகதாம்மாவின் முகம் வாடியதை என்னால் பார்க்க முடியவில்லை. என் வாழ்க்கையில் யாரையும் நான் இப்படி ஏமாற்றியதில்லை, அதுவும் ஏமாறாமல் இருப்பதற்காக.

முதலில் பேசியது தினகரன்தான். "கடல் தெரியாதுன்னு கஸ்டமர்கிட்டயே சொல்லிட்டியேம்மா."

"கஸ்டமர்னு தெரிஞ்சிருந்தா நான் ஏன்டா வாயத் தொறக்கப் போறேன்?" என்றார் ஜெகதாம்மா. பிறகு என் பக்கம் திரும்பி, "பரவால்லங்க. தட்டை வச்சிடாதீங்க, சாப்பிட்டு முடிங்க. சாம்பார் கொதிக்குது, இருந்து சாப்ட்டுதான் போவணும்" என்றார். மன்னிப்புக் கேட்டேன். "மாப்பிள்ளை பாக்க வந்தவங்க பொய் சொல்லிட்டுப் போனதுண்டு. நீங்க உள்ளதைத்தானே சொன்னீங்க" என்றார். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

அதற்குள் அக்கா போன் செய்துவிட்டாள். அம்மாவையும் இணைப்பில் வைத்திருந்தாள். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அக்கா சிரிப்பாள் என்று நினைத்தேன். அவளை முந்திக்கொண்டு அம்மாதான் கேட்டாள்.

"சத்தம் கேக்குமாய்யா?"

"கேக்கும்மா. ஜன்னலை மூடினாக்கூடக் கேக்குமாம். இங்க ஒருத்தங்க அந்தச் சத்தத்துல ராத்திரி பூரா தூங்கலையாம்."

"எனக்குப் பாக்கறதுக்கு என்ன இருக்கு?" என்றாள் அம்மா. "அதையே எடு."

ஆனால் அக்கா இன்னும் சம்மதிக்கவில்லை. "அந்தம்மா பக்கத்துல இருக்காங்களா? போனைக் குடு" என்றாள். கொடுத்தேன். ஜெகதாம்மா போனை வாங்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டார்.

நானும் தினகரனும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். அவர் காது இப்போது சாதாரணமாக இருந்தது. நேரில் வந்த முதல் வாடிக்கையாளர் நான்தானாம். "படத்தை மாத்திடறேன் சார்" என்றார். மாற்றிவிட்டு, கேட்கும் சத்தத்தைப் பதிவு செய்து போடுங்கள், அதற்கென்றே வருகிற ஆட்கள் இருக்கிறார்கள் என்றேன். நிஜமாகவே எழுந்து குறித்துக்கொண்டார். சாம்பார் வந்தது, அப்பளம் வந்தது, பாயசமும் வந்தது. மாடியிலிருந்து பேச்சு இறங்கி வரவில்லை. நடுவில் ஒருமுறை ஜெகதாம்மா சிரிப்பது கேட்டது. என் அக்கா முன்பின் தெரியாதவர்களைச் சிரிக்கவைத்து நான் அறிந்ததில்லை.

கடைசியில் ஜெகதாம்மா கீழே வந்து போனை நீட்டினார். முகம் தெளிந்திருந்தது. "உங்க அக்கா பேசணுமாம்" என்றார்.

"வீட்டை எடுத்துடு" என்றாள் அக்கா. "லீவ் போட்டுட்டேன். தன் பிள்ளை குறட்டை விடுவான்னு தானே சொல்ற மனுஷியை நம்பாம வேற யாரை நம்பறது? நாங்க நாலு பேர், நீ, அம்மா, பவானியும் வரா."

பவானி அத்தானின் தங்கை மகள். சிரம்பானில் வங்கியில் வேலை. எதிலும் குறை கண்டுபிடிப்பதால் வரன் எதுவும் அமையவில்லை என்று அத்தான் வீட்டில் கவலை.

"பவானி எதுக்கு?" என்றேன்.

"அவளுக்கும் கடல் பிடிக்கும்லா. நீ கேள்வி கேக்காத. இன்னும் ஒரு நாள் அங்கேயே தங்கி, அந்தப் பையனைப் பத்தி நல்லா விசாரிச்சிட்டு வா."

அன்று மாலை மறுபடி அந்தத் தெருவில் போய் நின்றேன். பாவு நூலைச் சுருட்டிக்கொண்டிருந்த முனுசாமிக்கு அதற்குள் எல்லாம் தெரிந்திருந்தது. இந்த முறை குச்சியை நீட்டவில்லை. தினகரன் கோபக்காரரா என்று கேட்டேன். எதற்குக் கேட்கிறேன் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், பெண் விஷயமாகத்தான் என்றேன்.

முனுசாமி என்னை மேலும் கீழும் பார்த்தார். "நேத்து பொண்ணு வூடுன்னு நெனச்சி சொன்னேன், கஸ்டமர்னீங்க. இன்னிக்குப் பொண்ணு வூடுன்றீங்க. மொதல்ல உங்களைப் பத்தி நாங்க யார்கிட்ட சார் விசாரிக்கறது?" என்று கேட்டுவிட்டு, டீக்கடைப் பக்கம் திரும்பி எனக்கும் சேர்த்து ஒரு டீ சொன்னார்.